மருத்துவ உதவியாளர் பயிற்சி: குமரி மாவட்டத்துப் புதியவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்த மறுவாரமே, மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நாகர்கோவில் வடசேரியிலும் மின்கம்பங்களில் தட்டிகள் ஏறிவிடுகின்றன. ஆறு மாதத்தில் மருத்துவ உதவியாளர் ஆகலாம், நூறு சதவீதம் வேலை உறுதி, வளைகுடா நாடுகளில் வாய்ப்பு என்று அவை அழைக்கின்றன. அந்தத் தட்டியில் உள்ள எண்ணை அழைப்பதற்கு முன்பு ஒரு மாணவரோ அவருடைய பெற்றோரோ தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுவதே என் நோக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வார்டிலும் அறுவை அரங்கிலும் உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் செயல்முறை வகுப்பு எடுத்து வருகிறேன். என் அப்பா ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் ஓராண்டுச் சான்றிதழ் ஒன்றை வாங்கினேன். அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தத் தாளை எந்த மருத்துவத் துறையும் ஏற்பதில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு முறையான பயிற்சியை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். அந்த இழந்த ஆண்டு உங்களுக்கு நேரக்கூடாது என்பதால், கீழே சில இடங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த வேலை என்று முடிவு செய்தல்

மருத்துவ உதவியாளர் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வேலைகள் இருக்கின்றன என்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். தனியார் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, எடை பார்த்து, பிரஷர் பார்த்து, காயத்துக்குக் கட்டுப் போட உதவுகிறவரை நம் தாத்தாக்கள் கம்பவுண்டர் என்றார்கள். இன்று அவரை உதவியாளர் என்கிறோம். மருத்துவமனை வார்டில் நோயாளியைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கையில் திருப்பிப் படுக்கவைத்து, சக்கர நாற்காலியில் எக்ஸ்ரே அறைக்கு அழைத்துச் செல்கிறவர் பொதுப்பணி உதவியாளர். திறன் பயிற்சி மையங்களில் இந்தப் படிப்பை ஜி.டி.ஏ. (ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்) என்று குறிப்பிடுவார்கள். 108 ஆம்புலன்ஸில் ஓட்டுநரை பைலட் என்றும், நோயாளியுடன் பின்பகுதியில் அமர்ந்து முதலுதவி செய்கிறவரை மருத்துவ உதவியாளர் என்றுமே வேலைவாய்ப்பு அறிவிப்புகள் குறிப்பிடுகின்றன. ஆய்வகம், டயாலிசிஸ், இ.சி.ஜி., மயக்கவியல், அறுவை அரங்கம் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்கள் டெக்னீஷியன்கள். இவர்கள் அனைவரிலிருந்தும் வேறுபட்டவர் பிசிஷியன் அசிஸ்டென்ட். அது நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு; அதை முடித்தவர் மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதவும், பரிசோதனைகளில் உதவவும், அறுவையில் துணை நிற்கவும் பயிற்சி பெறுகிறார்.

இந்த வேலைக்கு நம் மாவட்டத்தில் நீண்ட வேர் உண்டு. நெய்யூரில் 1838ஆம் ஆண்டில் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவ மிஷன், மருத்துவர்களின் எண்ணிக்கை போதாமையால், 1860களிலேயே ஜான் லோ என்ற மருத்துவரின் கீழ் உள்ளூர் இளைஞர்களுக்கு வகுப்பு நடத்திப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அவ்வாறு கற்றவர்கள்தாம் கிளை மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆகவே உதவியாளர் வேலையைத் தாழ்வாக நினைத்து, வேறு வழியில்லாதவர்கள் போகும் இடம் என்று எவரேனும் சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம். ஆனால் அந்தப் பெருமை முறையாகக் கற்றவருக்கே உரியது.

இரண்டாம் படி: உங்கள் படிப்புக்கு ஏற்ற வழி

பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவர்களுக்கு இரண்டு நேர்மையான வழிகள் உள்ளன. ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடத்தப்படும் ஓராண்டு பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர் சான்றிதழ்ப் படிப்பு. மற்றொன்று, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் வரும் ஜி.டி.ஏ. பயிற்சி. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமும் அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாக இதை நடத்துகின்றன. பல பேட்ச்களில் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் இதே பயிற்சிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை கேட்கும் இடங்களும் இருப்பதால், நாகர்கோவிலில் கோணம் என்ற பகுதியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு முறை நேரில் விசாரித்த பிறகே தனியாரிடம் செல்லுங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிப்பள்ளத்தில் இயங்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இ.சி.ஜி. டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன், மயக்கவியல் டெக்னீஷியன், அறுவை அரங்க டெக்னீஷியன், அவசர சிகிச்சை டெக்னீஷியன் போன்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், ரேடியோகிராஃபி போன்ற பட்டயப் படிப்புகளும் நடத்தப்படுகின்றன. எந்தப் படிப்பு எந்தக் கல்லூரியில் எத்தனை இடங்களுடன் நடக்கிறது என்பது ஆண்டுதோறும் அறிவிப்பில் வரும். கல்லூரி அறிவிப்புப் பலகையையும் இணையதளத்தையும் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து வாரம் ஒரு முறையாவது பாருங்கள், ஏனெனில் விண்ணப்பிக்கத் தரப்படும் நாட்கள் குறைவு. இடங்களும் குறைவாக இருப்பதால் மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். கட்டணத்தைத் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. அதைவிட முக்கியமானது, முதல் மாதத்திலிருந்தே நிரம்பி வழியும் வார்டுகளில் நிற்கும் அனுபவம்.

பட்டப் படிப்பே வேண்டும் என்பவர்கள், மாநிலத் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடத்தும் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம், டயாலிசிஸ் தொழில்நுட்பம் முதலிய படிப்புகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் வருகின்றன; இறுதி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சிக் காலம். தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தாலும், அந்தப் படிப்பின் பெயர் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு இணைவு இருப்பதும் அந்தப் படிப்புக்கு இணைவு இருப்பதும் ஒன்றல்ல. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள் உயர்கல்வி கற்கும்போது, பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியாக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேரும் படிப்புக்கு அது பொருந்துமா என்று சேர்க்கை நாளிலேயே கல்லூரியில் கேட்டு வையுங்கள்.

வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் மிகுந்த மாவட்டம் என்பதால், அவர்களிடம் துணையாக இருந்து பழகியவர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. எண்ணெய் காய்ச்சவும் ஒற்றடம் கொடுக்கவும் தடவவும் அவர்கள் அறிந்தது உண்மையான திறனே. ஆனால் அரசு வேலைக்கு அது மட்டும் போதாது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நடக்கும் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாம் படி: நிறுவனத்தை விசாரித்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பணம் கட்டும் மேசைக்கு முன்னால் அமர்வதற்கு முன்பு சில கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்கக்கூடாது.

சான்றிதழில் கையெழுத்திடுவது யார் என்பது முதல் கேள்வி. கடந்த ஆண்டு ஒருவர் வாங்கிய சான்றிதழின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்வி இயக்ககம், திறன் குழு ஆகியவற்றின் பெயர் இருக்கிறதா, அல்லது டிரஸ்ட், அகாடமி, கவுன்சில் என்று முடியும் கேள்விப்படாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அசோகச் சின்னத்தைப் போன்ற ஒரு படத்தையும் பொன்னிற முத்திரையையும் அச்சடிப்பது எளிது. திறன் பயிற்சித் திட்டச் சான்றிதழில் கியூ.ஆர். குறியீடு இருக்கும், அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் சான்றிதழ் பெற்றவரின் விவரம் அரசுத் தளத்தில் திறக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போனால் அது அத்தாட்சி ஆகாது.

இரண்டாவது, இந்தப் படிப்பு எந்தப் பதிவேட்டில் என்னைக் கொண்டு சேர்க்கும் என்பது. செவிலியர் என்று அழைக்கப்பட வேண்டுமானால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேண்டும்; அதற்கு இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆகியவையே வழி. ஆறு மாத நர்சிங் படிப்பு என்று எவர் சொன்னாலும், அதை முடித்தவர் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. அதுபோலவே, துணை மருத்துவத் துறைகளுக்காக 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் துணை மருத்துவப் பணியாளர் என்ற வரையறைக்குள் வருவதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது; பட்டப் படிப்புப் படித்த சுகாதாரத் தொழில்முறையாளருக்கு அது 3,600 மணி நேரம். இப்போது தட்டியில் உள்ள ஆறு மாதப் படிப்பைக் கணக்கிடுங்கள். நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், 26 வாரம் என்றால் 390 மணி நேரம்தான் வருகிறது. வார்டில் துணைப்பணி செய்யத் தொடங்குவதற்கு அது பயன்படலாம். அதைக்கொண்டு டெக்னீஷியன் என்று பதிவு செய்துவிடலாம் என்று நம்பிப் பணம் கட்டக்கூடாது.

மூன்றாவது, நோயாளிகளிடம் எத்தனை நாள் பயிற்சி, எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கைகள் கொண்டது என்பது. அந்த மருத்துவமனையுடன் நிறுவனம் செய்துகொண்ட உடன்படிக்கைக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். பிறகு அந்த மருத்துவமனைக்கே ஒரு நாள் காலையில் நேரில் சென்று, அங்கே நிற்கும் மாணவர்களிடம் பேசுங்கள். பொம்மைக் கையில் மட்டும் ஊசி குத்திப் பழகிவிட்டு வந்த மாணவர்களை எனக்குத் தெரியும். முதல் நோயாளியின் கையில் இரத்த நாளம் தென்படாதபோது அவர்கள் படும் அவதியைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அந்த நோயாளி படும் வேதனை அதைவிடப் பெரிது.

பணத்தைப் பொறுத்தவரை, மொத்தக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, விடுதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டலாம். அடகுபோல வைத்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள். இடையில் படிப்பை விட நேர்ந்தால் அந்த அசல் தாள்களை மீட்கப் பெற்றோர் அலைவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

நான்காம் படி: பயிற்சிக் காலத்தில் கைகள் கற்க வேண்டியவை

உடற்கூறும் உடலியங்கியலும் புத்தகத்தில் இருக்கும். தமிழில் படித்தவர்கள் ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டாம், மூன்று மாதத்தில் பழகிவிடும். நான் இங்கே சொல்ல விரும்புவது, எளிதென்று நினைத்து எல்லோரும் தவறு செய்யும் சில வேலைகளை.

பிரஷர் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பேருந்திலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்த ஒருவரை, வந்த வேகத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி அளப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். அந்த எண்ணை நம்பி மருத்துவர் மாத்திரையைக் கூட்டிவிடக்கூடும். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும்; முதுகு சாய்ந்திருக்க வேண்டும்; பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக்கூடாது; கை மேசையின் மேல், இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும்; அளக்கும்போது அவரும் பேசக்கூடாது, நீங்களும் பேசக்கூடாது. அரை மணி நேரத்துக்குள் காப்பி குடித்தாரா, புகைபிடித்தாரா என்று கேளுங்கள். பட்டையின் உள்ளிருக்கும் காற்றுப்பை, புஜத்தின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கையாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கை தொங்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே.

இரத்தம் எடுப்பதில், குத்துவதைவிடப் பெயர் எழுதுவதே ஆபத்தான இடம். நம் ஊர் வார்டுகளில் ஒரே நேரத்தில் மூன்று மேரிகளும் இரண்டு செல்வராஜ்களும் படுத்திருப்பது வியப்பல்ல. "நீங்கள்தானே மேரி?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டியும் தலையை ஆட்டிவிடுவார். "அம்மா, உங்க பேரு என்ன? வீட்டுக்காரர் பேரு? என்ன வயசு?" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், சொன்னதைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். குழாயில் பெயரை நோயாளியின் படுக்கை அருகிலேயே, இரத்தம் எடுத்த உடனே எழுதுங்கள். ஆறு குழாய்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்து நினைவிலிருந்து எழுதுகிற பழக்கம் முதல் நாளே வரக்கூடாது. குழாய்களின் வரிசைக்கும் காரணம் உண்டு. சிவப்பு மூடிக் குழாயை நிரப்பிய பிறகே ஊதா மூடிக் குழாய்க்குப் போக வேண்டும். ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்தில் பொட்டாசியம் இருப்பதால், அது ஒரு துளி பின்னால் நிரப்பும் குழாயில் கலந்தாலும் நோயாளியின் பொட்டாசியம் ஏறியதாகவும் கால்சியம் இறங்கியதாகவும் அறிக்கை வரும். சுகர் பார்க்கும் சாம்பல் மூடிக் குழாய் கடைசியில் வரும். அதில் உள்ள ஃபுளூரைடு, இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கிறது.

கழிவுகளைப் பிரிப்பது 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டாயம். இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பையிலும், கையுறை, டிரிப் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்ச் போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பையிலும், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலப் பெட்டியிலும் போட வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போட முயல்வது குத்துக் காயங்களுக்கு ஒரு முக்கியக் காரணம். அப்படிக் குத்திவிட்டால் விரலைப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெட்கப்படாமல் அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. திட்டு விழும் என்று பயந்து மூன்று நாள் மறைத்த ஒரு மாணவியை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தொற்று இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகும்வரை காத்திருந்த அந்த ஆறு மாதம் அவர் முகத்தை மாற்றிவிட்டது.

இதனாலேயே மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசியை வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்க வேண்டும். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணை. கடைசி ஊசி போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு ஆற்றல் வந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அந்த அறிக்கையைச் சான்றிதழ்களோடு வைத்திருங்கள்.

கடற்கரை நெடுகிலும் மீனவக் கிராமங்களும், மேற்கே ரப்பர் தோட்டங்களும் உள்ள மாவட்டம் இது. ஆகவே சி.பி.ஆர். எனப்படும் இதய இயக்க மீட்பையும் பாம்புக்கடி முதலுதவியையும் கூடுதல் கவனத்துடன் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கடலில் மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுப்பதைத் தள்ளிப்போடக்கூடாது, ஏனெனில் அவருடைய இதயம் நின்றதே மூச்சுக் காற்று இல்லாமல்தான். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கேடு. கை கால் அசையாமல் வைத்து, எதிர்மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராக அனுப்புவதே முதலுதவி. பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தூரம் அதிகம் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும்.

எல்லையையும் கற்க வேண்டும். மருந்தை எழுதுவதும் அளவை மாற்றுவதும் மருத்துவரின் வேலை. மருத்துவரின் எழுத்தின்படி மருந்தை எடுத்துக் கொடுப்பது 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை. "டாக்டர் வர நேரமாகும், நீயே ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடு தம்பி" என்று தெரிந்தவர் கேட்டாலும், "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, டாக்டர் சொல்லாம நான் போடக்கூடாது" என்று சொல்லப் பழகுங்கள். ஏதேனும் நேர்ந்தால் அந்தத் தெரிந்தவர் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார்.

ஐந்தாம் படி: தேர்வும் சான்றிதழும்

ஜி.டி.ஏ. போன்ற திறன் பயிற்சிகளில், கற்பித்தவர் அல்லாமல் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் எழுத்துத் தேர்வும் செயல்முறையும் வாய்மொழித் தேர்வும் நடத்துவார். செயல்முறையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சிறு விஷயங்களில்: கை கழுவாமல் தொடங்குவது, நோயாளியிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாமலே தொடுவது, திரையை இழுத்து மறைக்காமல் உடை மாற்றுவது. சோப்பால் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும்; மதிப்பீட்டாளர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பட்டய, பட்டப் படிப்புகளில் செயல்முறைப் பதிவேடு ஒன்று கட்டாயம். அதில் ஒவ்வொரு வேலையையும் செய்த அன்றே எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள். கடைசி மாதத்தில் எல்லோரும் பழைய தேதி போட்டு எழுத முயல்வதும், கையெழுத்திட வேண்டிய செவிலியர் மாறுதலாகிப் போயிருப்பதும் வழக்கம்.

பெயர் எழுத்துப்பிழை நம் மாவட்டத்தாருக்குத் தனித் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுவதுமாக விரியும். எல்லை கடந்து கேரளத்தில் படித்தவர்களுக்கு வீட்டுப் பெயரும் சேர்ந்துவிடும். மூன்று தாளிலும் மூன்று பெயர் இருந்தால் வெளிநாட்டுச் சரிபார்ப்பில் விண்ணப்பம் நின்றுவிடும். எனவே தேர்வு விண்ணப்பம் நிரப்பும் நாளிலேயே எல்லாத் தாளிலும் ஒரே எழுத்து இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வேலை தேடுதல்

108 சேவை தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அதன் மருத்துவ உதவியாளர் பணிக்குச் செவிலியப் படிப்பு, ஆய்வகப் பட்டயம், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்களில் ஒன்று கேட்பது வழக்கம். வயது 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வும், உடற்கூறு முதலுதவி பற்றிய நேர்காணலும், மனிதவளத் துறை நேர்காணலும் உண்டு. தேர்வானவர்களுக்கு 50 நாள் முழுநேரப் பயிற்சியை நிறுவனமே தருகிறது. பன்னிரண்டு மணி நேரப் பணி, இரவுப் பணி, மாநிலத்தில் எங்கும் அனுப்புவார்கள் என்ற மூன்றையும் வீட்டில் பேசிவிட்டுச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைப் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும். அறிவிப்பில் உள்ள கல்வித்தகுதி வரியை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். என் முதல் சான்றிதழ் விழுந்த இடம் அதுதான்.

தனியார் மருத்துவமனைகளுக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குறைவில்லை. தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் முதல் ஓராண்டைச் சிறிய கிளினிக்கில் கழிப்பதைவிட, கேஷுவால்டியும் ஐ.சி.யு.வும் உள்ள மருத்துவமனையில் சற்றுக் குறைந்த சம்பளத்துக்குக் கழிப்பது பின்னால் உதவும் என்பது என் கருத்து. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பகுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கு மலையாளம் புரிவது பெரிய துணை. திருவனந்தபுரத்து மருத்துவமனைகள் குமரி மாவட்டத்தாரை விரும்பி எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிநாடு செல்ல நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் மருத்துவ உதவியாளர் என்பது மருத்துவரின் புறநோயாளி அலுவலகத்தில் அளவுகள் எடுப்பதோடு பதிவேடு, காப்பீடு, நேர ஒதுக்கீடு ஆகியவற்றையும் பார்க்கும் தனித் தொழில். அங்குள்ள மருத்துவ உதவியாளர் சங்கம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வில் 200 வினாக்கள் வரும். சான்றிதழை 60 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இங்கே படித்த ஆறு மாதச் சான்றிதழைக் காட்டி அந்தத் தேர்வில் உட்காரலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோர் போவது வளைகுடாவுக்கு. அங்கே உரிமம் தேவைப்படும் பணிகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் வழியாகச் சான்றிதழ்களை மூல நிறுவனத்திடமே சரிபார்ப்பார்கள். பல பணிகளுக்குக் கணினித் தேர்வும் உண்டு. உங்களுக்குச் சான்றிதழ் தந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ மின்னஞ்சலுக்குப் பதில் தராவிட்டாலோ எல்லாம் அங்கேயே நின்றுவிடும். முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவளக் கழகத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள். வேலைக்காக வெளிநாடு செல்வோருக்கான மத்திய அரசின் குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகம் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இருக்கிறது.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் கடைசியாகச் சிக்கலாவது அனுபவக் கடிதம். ஒரு வேலையிலிருந்து விலகும்போது அந்தக் கடிதத்தை அன்றே வாங்குங்கள். பதவிப் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், வேலை பார்த்த பிரிவு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பதவி முத்திரை ஆகியவை இருக்கின்றனவா, உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அலுவலக மேசை முன் நின்றபடியே எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.